காத்திருப்பின் வரலாறு: ஏஞ்சல் தீவுக் குடிநுழைவு நிலையத்தில் அன்றாட வாழ்க்கை (1910–1940)

முன்னுரை

புலம்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பற்றியே பேசுகின்றனர். ஒன்று, மக்கள் விட்டுவந்த ஊர். மற்றொன்று, அவர்கள் வேரூன்றிய நாடு. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஓரிடம் உண்டு. கரையை எட்டிய பின்னரும் நாட்டுக்குள் நுழைய இயலாமல் அவர்கள் காத்துக் கிடந்த இடம் அது. மலாயாத் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கு வந்த தொழிலாளர்கள் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூருக்கு வந்தோர் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டதை நம் மூத்த தலைமுறையினர் அறிவர். ஆயினும், அம்முகாம்களில் ஒரு நாள் எவ்வாறு விடிந்து எவ்வாறு அடைந்தது என்பது நம் வரலாற்று நூல்களில் மிகக் குறைவாகவே இடம்பெற்றுள்ளது.

இக்கட்டுரை அத்தகைய இடங்களுள் ஒன்றான ஏஞ்சல் தீவுக் குடிநுழைவு நிலையத்தை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள இத்தீவில் 1910 முதல் 1940 வரை அந்நிலையம் இயங்கியது. அதனை நாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. அங்கே தடுத்து வைக்கப்பட்டோர் தம் வாழ்க்கையைத் தாமே எழுத்தில் பதிந்து சென்றனர் என்பது முதற்காரணம். சீனரோடும் சப்பானியரோடும் இந்தியரும் அங்கே அடைபட்டிருந்தனர் என்பது இரண்டாவது காரணம்.

1896 ஆம் ஆண்டில் வோங் விங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டை வரையறுத்தது. வழக்கு விசாரணையின்றி ஓர் அயலவரைக் கடுங்காவலில் இட்டு உழைக்கச் செய்வது தண்டனையாகும், அது செல்லாது. ஆனால், வெளியேற்றும் நடவடிக்கையின் பகுதியாகத் தற்காலிகமாகத் தடுத்து வைப்பது செல்லும். அதாவது, சட்டத்தின் பார்வையில் தடுப்புக் காவல் தண்டனையன்று. இக்கூற்று அன்றாட வாழ்க்கையின் முன் நிற்குமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தீவும் அதன் நோக்கமும்

1882 ஆம் ஆண்டுச் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடை செய்தது. வணிகர், மாணவர், ஆசிரியர், தூதர், சுற்றுப்பயணியர் ஆகியோரும் அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளும் மட்டுமே நுழைய இயன்றது. எனவே, வந்திறங்கும் ஒவ்வொருவரும் தாம் அவ்வகையினரே என மெய்ப்பிக்கும் வரையில் எங்கேனும் வைக்கப்பட வேண்டியவராயினர். தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் ஒன்றின் மரக்கொட்டகை இதற்குப் பயன்பட்டது. நெரிசலும் தூய்மைக் கேடும் தீ விபத்து அச்சமும் மிகுந்திருந்த அக்கொட்டகையைச் சீனச் சமூகத் தலைவர்கள் பன்முறை கண்டித்தனர்.

அதற்கு மாற்றாகவே ஏஞ்சல் தீவு நிலையம் 1910 சனவரி 21 ஆம் நாள் திறக்கப்பட்டது. தீவைத் தேர்ந்தமைக்கு அதிகாரிகள் கூறிய காரணங்கள் தெளிவானவை: தப்பியோட இயலாது, நோய் பரவாது, நகரில் வாழும் உறவினரோடு செய்தி பரிமாறவும் முடியாது. நீரால் சூழப்பட்ட நிலம் மதிலின் வேலையைச் செய்தது.

இந்நிலையத்தை 'மேற்கின் எல்லிஸ் தீவு' என அழைப்பது வழக்கம். இப்பெயர் வாசகரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்லக்கூடியது. நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்கு வந்த ஐரோப்பியருள் மிகப் பெரும்பான்மையோர் சில மணி நேரத்தில் கடந்து சென்றனர்; திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். ஏஞ்சல் தீவிலோ சீனர் இரண்டு மூன்று வாரம் தங்குவது இயல்பாக இருந்தது. மேல்முறையீடு செய்தோர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் அடைபட்டிருந்தவரும் உண்டு. எல்லிஸ் தீவு முதன்மையாக ஒரு வாயில். ஏஞ்சல் தீவு முதன்மையாக ஒரு தடுப்பு.

வந்திறங்கிய நாள்

பிரித்தல் கப்பலிலேயே தொடங்கிவிட்டது. முதல் வகுப்புப் பயணியரைக் கப்பலிலேயே பார்வையிட்டு நேரே நகரில் இறங்க விட்டனர். மற்றவர்கள் படகில் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலும் மேல்தளப் பயணியரான தொழிலாளர்களே முகாமுக்குச் சென்றனர். தனியறைப் பயணியர் பெரும்பாலும் நேரே ஊருக்குள் சென்றனர் என்பதை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம்.

தீவின் துறையில் மூட்டை முடிச்சுகள் பண்டசாலையில் வைக்கப்பட்டன. பின்னர், ஆசியர் ஐரோப்பியரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்; ஆண்கள் பெண்களிடமிருந்து பிரிக்கப்பட்டனர். கணவனும் மனைவியும்கூடத் தம் வழக்கு முடியும் வரையில் சந்தித்துப் பேச இடமில்லை. சிறு பிள்ளைகள் தாயுடன் இருந்தனர்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. கண் இமையை மடித்துக் கண்நோய் பார்ப்பதும், ஆடை களையச் செய்து உடலைப் பார்ப்பதும், மலத்தைச் சோதித்துக் கொக்கிப்புழு உண்டா எனக் காண்பதும் நடைமுறை. கொக்கிப்புழு, ஊரகங்களில் வெறுங்காலுடன் உழைப்போர்க்கு வெப்ப நாடுகளில் எளிதில் வரக்கூடியது, மருந்தால் தீரக்கூடியது. இருப்பினும், அதைத் திருப்பி அனுப்புவதற்குப் போதுமான காரணமாகக் கொண்டனர். பணம் உள்ளோர் தம் செலவில் தீவின் மருத்துவமனையிலேயே மருத்துவம் பெற வேண்டிக்கொள்ளலாம். பிறர் முன்னிலையில் ஆடை களைவதை ஒருபோதும் அறியாத மக்களுக்கு அன்றைய நாளே மறக்க முடியாத அவமானமாயிற்று என்பதைப் பிற்காலத்தில் திரட்டப்பட்ட வாய்மொழி வரலாறுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன.

ஒரு நாளின் ஒழுங்கு

ஆடவர் தங்கியது ஈரடுக்கு மரக்கட்டடம். இரும்புக் கம்பங்களில் இரண்டு மூன்று அடுக்காகப் படுக்கைகள் பொருத்தப்பட்டிருந்தன. இருநூறு பேர் அளவில் அங்கே தங்கியிருப்பது சாதாரணம். ஒருவர்க்கெனத் தனியிடம் என்பது அவருடைய படுக்கை மட்டுமே. துணி உலர்த்துவதும் கடிதம் எழுதுவதும் அழுவதும் அதன் மீதே.

காலையில் காவலர் கதவைத் திறந்து எல்லோரையும் உணவுக்கூடத்துக்கு வரிசையாக அழைத்துச் செல்வர். உண்டு முடிந்ததும் மீண்டும் கூடத்துக்குள் விட்டுக் கதவு பூட்டப்படும். நண்பகலிலும் மாலையிலும் இவ்வாறே. இடையில், கம்பி வேலியிட்ட சிறு முற்றத்தில் ஆடவர் காற்று வாங்கலாம். பெண்களும் பிள்ளைகளும் சில வேளைகளில் காவலரோடோ சமயத் தொண்டரோடோ தீவில் சிறிது தூரம் நடக்க அனுமதிக்கப்பட்டனர். வாரத்துக்கொருமுறை பண்டசாலைக்குச் சென்று மூட்டையிலிருந்து வேண்டியதை எடுத்து வரலாம். கடிதங்களும் பொட்டலங்களும் சோதிக்கப்பட்டன. வழக்கு முடியுமுன் உறவினரைச் சந்திக்க இயலாது.

இவ்வட்டவணையில் வேலை என்பதே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தோட்டத்தில் பெரட்டு மணியும் சிறையில் கட்டாய உழைப்பும் நாளைக் கூறுபோடும். இங்கே நாளைக் கூறுபோட்டவை மூன்று வேளை உணவும் பூட்டின் ஓசையுமே. எஞ்சிய நேரத்தில் ஆடவர் சீட்டாடினர். நகரிலிருந்து வரும் சீன நாளேடுகளைப் படித்தனர். இசைத்தட்டில் நாட்டு இசை நாடகங்களைக் கேட்டனர். பெண்கள் பின்னல் வேலை செய்தனர். 1912 முதல் அங்கே பணியாற்றிய மெதடிஸ்ட் திருச்சபைத் தொண்டர் காதரின் மோரர், அவர்களுக்குத் துணியும் நூலும் தந்து, கடிதம் எழுத உதவி, ஆங்கிலம் கற்பித்தார். தண்டனைக்குக் கால அளவு உண்டு; எத்தனை நாள் கழிந்தன, எத்தனை நாள் எஞ்சியுள்ளன என்று கைதி எண்ணிக்கொள்ளலாம். தீவில் இருந்தோர் கழிந்த நாள்களை மட்டுமே எண்ண முடிந்தது.

உணவும் கிளர்ச்சியும்

அடைபட்ட வாழ்க்கையில் உணவே நாளின் மையம். எனவே, சினமும் அங்கேயே திரண்டது. தடுத்து வைக்கப்பட்டோரின் பராமரிப்புச் செலவு கப்பல் நிறுவனங்களைச் சார்ந்தது. உணவு குத்தகைக்கு விடப்பட்டது. குறைந்த விலைக்குச் சமைக்க ஒப்புக்கொண்டவர் எத்தகைய உணவு இடுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர்க்கும் ஆசியர்க்கும் உணவு வேறு. உண்ணும் நேரமும் வேறு. உணவுக்கூடத்தில் குழப்பம் செய்யலாகாது, உணவைத் தரையில் கொட்டலாகாது எனச் சீன மொழியில் அறிவிப்பு எழுதி வைக்க வேண்டியிருந்தது. 1919 ஆம் ஆண்டில் உணவின் தரம் பற்றிய மனக்குறை கிளர்ச்சியாக வெடித்தபோது, படைவீரர் வரவழைக்கப்பட்டே அமைதி நிலைநாட்டப்பட்டது. அதன் பின்னர் உணவு ஓரளவு சீர்பட்டது.

அதே சமையலறை வேறொரு வகையிலும் பயன்பட்டது. அங்கே பணியாற்றிய சீனர்கள் விடுமுறை நாளில் நகரின் சீனர் குடியிருப்புக்குச் சென்று, உறவினர் தந்த குறிப்புகளைக் கொண்டுவந்து, உணவோடு மறைத்து உரியவரிடம் சேர்த்தனர். அக்குறிப்புகளின் தேவை யாது என்பதை அறிய விசாரணை முறையை நோக்க வேண்டும்.

விசாரணை

1906 ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோ நகரின் பிறப்புப் பதிவுகளை அழித்தன. அதனால், அந்நகரிலேயே பிறந்ததாகப் பல சீனர் உரிமை கோர முடிந்தது. குடிமகன் ஒருவர் சீனா சென்று திரும்பும்போது தமக்கு ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்துவைப்பார். பின்னர் அப்பதிவைக் கொண்டு வேறொருவர் மகனாக வருவார். இவ்வாறு வந்தோரைக் 'காகித மகன்கள்' என்பர்.

இதைக் கண்டறியச் சிறப்பு விசாரணைக் குழுவினர் நூற்றுக்கணக்கான வினாக்களைத் தொடுத்தனர். ஊரில் வீடு எத்திசை நோக்கியது? வாயிலில் எத்தனைப் படிகள்? அரிசிப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது? மூன்றாம் வரிசையில் நான்காம் வீட்டில் குடியிருப்பவர் யார்? விண்ணப்பதாரரின் விடைகள் தந்தையின் விடைகளோடு ஒப்பிடப்பட்டன. விசாரணை இரண்டு மூன்று நாள் நீளும். அமர்வுக்கு அமர்வு மொழிபெயர்ப்பாளர் மாற்றப்படுவார்.

இம்முறையின் முரண் யாதெனில், உண்மையான மகனும் இதில் தோற்கக்கூடும். சொந்த வீட்டின் படிகளை எண்ணி வைத்திருப்பவர் எத்தனை பேர்? ஆகவே, மெய்யான பிள்ளைகளும் வினா விடைக் குறிப்பேடுகளை மனனம் செய்து, கப்பல் துறையை அடையுமுன் அவற்றைக் கடலில் எறிந்தனர். பொய்யைப் பிடிக்க அமைத்த பொறி, மெய்யையும் ஒத்திகை பார்க்கச் செய்தது. இதன் விளைவு தலைமுறைகளுக்கு நீடித்தது. பொய்ப்பெயரில் நுழைந்தோர் அப்பெயரிலேயே வாழ்ந்து, தம் பிள்ளைகளிடம்கூட உண்மைப் பெயரை மறைத்தனர்.

சங்கமும் சுவரும்

அடைபட்டோர் செயலற்றுக் கிடந்தனர் எனக் கருதுவது பிழை. 1922 ஆம் ஆண்டில் சீன ஆடவர் தமக்கெனத் தன்னாட்சிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். புதியோர்க்கு நடைமுறைகளை விளக்குவது, சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, சச்சரவைத் தீர்ப்பது, குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துரைப்பது, நூல்களும் இசைத்தட்டுகளும் வாங்குவது ஆகியன அதன் பணிகள். குறிப்புகளை உரியவரிடம் சேர்க்கும் பொறுப்பையும் அதன் பொறுப்பாளர்களே ஏற்றனர். நாட்டுக்குள் நுழைய உரிமையற்றவர் என ஐயுறப்பட்டவர்கள், பூட்டிய கூடத்துக்குள் தேர்தல் நடத்தித் தம்மைத் தாமே ஆண்டனர்.

அவர்களின் மற்றொரு செயல் சுவரில் எழுதியது. தொடக்கத்தில் மையாலும் எழுதுகோலாலும் எழுதினர். நிர்வாகம் வண்ணம் பூசி அழித்தது. பின்னர் மரப்பலகையில் கத்தியால் செதுக்கினர். செதுக்கிய பள்ளங்களை மக்கு இட்டு நிரப்பி மீண்டும் வண்ணம் பூசினர். காலப்போக்கில் மக்கு சுருங்க, எழுத்துகள் மீண்டும் தோன்றின. அழிக்கப் பூசிய பூச்சே மரத்தைக் காத்தது. மரபான சீன யாப்பில் அமைந்த இப்பாடல்களில் ஊர் நினைவும், நாட்டின் வலிமையின்மை குறித்த வருத்தமும், அதிகாரிகள்மீது சினமும், பின்வருவோர்க்கு அறிவுரையும் விரவியுள்ளன. பெரும்பாலானவற்றில் எழுதியவர் பெயரில்லை. 1931, 1932 ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த இருவர் தனித்தனியே இவற்றைப் படியெடுத்துச் சென்றனர். இதுவரை இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாகியுள்ளன.

1940 ஆகஸ்ட் 12 ஆம் நாள் நிர்வாகக் கட்டடம் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டிலேயே நிலையம் மூடப்பட்டது. பெண்கள் தங்கியிருந்தது அந்நிர்வாகக் கட்டடத்திலேயே ஆதலால், அவர்கள் சுவரில் எழுதியிருந்தவையும் தீயோடு மறைந்தன. ஆடவர் கட்டடம் இடிக்கப்படவிருந்த நிலையில், 1970 ஆம் ஆண்டில் பூங்காக் காவலர் அலெக்சாந்தர் வைஸ் சுவரெழுத்துகளைக் கண்டு அவற்றின் மதிப்பை உணர்ந்தார். சீன அமெரிக்கச் சமூகத்தின் முயற்சியால் கட்டடம் காப்பாற்றப்பட்டது. இம் மார்க் லாய், செனி லிம், சூடி யுங் ஆகிய மூவரும் பாடல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் தொகுத்து 1980 இல் நூலாக்கினர். 1997 இல் இந்நிலையம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்தியர் நிலை

இனி, இந்தியரைப் பற்றி நோக்குவோம். இங்கு வந்தோருள் பெரும்பாலோர் பஞ்சாபியர். அவருள்ளும் சீக்கியரே மிகுதி. 1908 ஆம் ஆண்டில் கனடா, புறப்பட்ட நாட்டிலிருந்து இடைநில்லாமல் வருவோர்க்கே அனுமதி என விதித்து இந்தியர் வரவை அடைத்தது. அதன் பின்னர் அவர்கள் சான் பிரான்சிஸ்கோவை நோக்கினர். ஆசியர் விலக்குக் கழகமும் உள்ளூர் நாளேடுகளும் இதனைப் 'படையெடுப்பு' எனக் கூக்குரலிட்டன.

அப்போது இந்தியரை விலக்கத் தனிச்சட்டம் ஏதுமில்லை. ஆகவே, அதிகாரிகள் 'பொதுச் சுமையாகக் கூடியவர்' என்னும் பொதுவிதியைக் கையிலெடுத்தனர். அவர்கள் வாதம் இவ்வாறு அமைந்தது: கலிபோர்னியாவில் இந்தியர்மீது வெறுப்பு நிலவுகிறது, வெறுப்பு நிலவுவதால் வேலை கிடைக்காது, வேலை கிடைக்காததால் பொதுச் சுமையாவர். பிறர் கொண்ட வெறுப்பு, வந்தவரின் குறையாகப் பதிவேட்டில் ஏறியது. 1915 இல் உச்ச நீதிமன்றம், உள்ளூர் வேலைச் சந்தையைக் காரணம் காட்டி ஒருவரைப் பொதுச் சுமை எனத் தீர்மானிக்கலாகாது எனக் கூறியது. 1917 ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டமோ ஆசியத் தடை வலயத்தை வகுத்து, இந்தியத் தொழிலாளர் வருகையை அடியோடு நிறுத்தியது.

ஏஞ்சல் தீவில் மிக உயர்ந்த விகிதத்தில் மறுக்கப்பட்டோர் இந்தியரே. இதற்கான விளக்கம் மற்ற இருவரோடு ஒப்பிடும்போது புலனாகிறது. சீனர்க்கு நகரில் வலுவான சங்கங்களும், பழகிய வழக்கறிஞரும், குறிப்புகளைச் சேர்க்கும் வலையமைப்பும் இருந்தன. சப்பானியர்க்குப் பின்னால் ஒரு வல்லரசு நின்றது. அவர்களுள் பலர் ஓரிரு நாளில் வெளியேறினர். இந்தியர்க்கு இரண்டும் இல்லை. பிரித்தானியப் பேரரசின் குடிகள் என்னும் பெயர் இருந்தும், அப்பேரரசு அவர்களுக்காக வாதாட முன்வரவில்லை. 1914 இல் வான்கூவர் துறைமுகத்தில் 376 பயணியரோடு இரண்டு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட கொமகாட்டா மாரு கப்பலும் இவ்வுண்மையையே உணர்த்தியது. சான் பிரான்சிஸ்கோவில் 1913 இல் எழுந்த கதர் இயக்கத்தின் சினத்துக்கு இத்தகைய அனுபவங்களும் எரிபொருளாயின.

செல்வம் இருந்தோர் நிலை சற்று வேறு. 1915 இல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் வந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் சில நாள் தீவில் தடுத்து வைக்கப்பட்டார். தம்மிடம் போதிய பணம் இருப்பதைக் காட்டியபின் வெளியேறினார். 1921 இல் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். ஆயினும், 1923 இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பானபின் அவருடைய குடியுரிமை பறிக்கப்பட்டது. 1928 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தீவின் கதவு திறந்துவிட்டபோதும் தீவு அவரை விடவில்லை எனலாம்.

சுவரெழுத்துகளில் பஞ்சாபி மொழியிலும் சில உள்ளன. எனினும், சீனப் பாடல்களின் பெருக்கத்தின் முன் அவை மிகச் சில. ஆதலால், அங்கிருந்த இந்தியரைப் பெரிதும் அவர்களை விசாரித்த அதிகாரிகளின் கோப்புகள் வழியாகவே நாம் அறிகிறோம். கோப்பில் வினாவும் விடையும் உண்டு. வினாவுக்கும் விடைக்கும் இடையே கழிந்த இரவு இல்லை.

முடிவுரை

1943 இல் சீனர் விலக்குச் சட்டம் நீக்கப்பட்டு ஆண்டுக்கு 105 பேர் அனுமதிக்கப்பட்டனர். 1946 இல் இந்தியர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்னும் ஒதுக்கீடும் குடியுரிமை பெறும் உரிமையும் கிடைத்தன. சட்டங்கள் மாறின. எனினும், தடுத்து வைத்தல் தண்டனையன்று என்னும் கோட்பாடு மறையவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் இயங்கும் குடிநுழைவுத் தடுப்பு முகாம்கள் அதே அடிப்படையில்தான் நிற்கின்றன. ஏஞ்சல் தீவின் அன்றாட வாழ்க்கை அக்கோட்பாட்டுக்கு எதிரான சான்றாகும். குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்பு இல்லை, ஆயினும் பூட்டும் காவலும் பிரிவும் அவமானமும் இருந்தன. சிறையாளிக்கு உள்ள ஒரே ஆறுதலான விடுதலை நாள் மட்டும் இல்லை.

மலாயாவின் முகாம்களோடு இதனை ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. ஜெரெஜாக் தீவில் தமிழ்த் தொழிலாளரை வைத்தது, அவர் உழைப்பு வேண்டியிருந்ததால், நோயற்றவராகத் தோட்டத்துக்கு அனுப்புவதற்காக. ஏஞ்சல் தீவில் வைத்தது, கூடுமானால் திருப்பி அனுப்புவதற்காக. நோக்கம் எதிரெதிரானது. ஆனால், மேல்தளப் பயணியைத் தனியறைப் பயணியினின்று பிரித்ததும், உடலைச் சோதித்ததும், நாள்களைப் பறித்துக்கொண்டதும் ஈரிடத்துக்கும் பொது.

நம் முன்னோருள் பலர் எழுத்தறியாதவர். அவர்கள் சுவரில் எழுதிச் செல்லவில்லை. அவர்கள் கண்டது தோட்டப்புறப் பாடல்களிலும் பாட்டன் பாட்டியர் பேச்சிலும் சிதறிக் கிடக்கிறது. ஏஞ்சல் தீவின் பாடல்கள் காக்கப்பட்டது, கட்டடம் இடிபடுமுன் ஒருவர் சுவரை உற்று நோக்கியதாலும், சிலர் முதியோரிடம் சென்று கேட்டதாலுமே. வகுப்பறையில் புலம்பெயர்வைக் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், மாணவர்தம் இல்லத்து மூத்தோரிடம் 'எக்கப்பலில் வந்தனர்?' என்று கேட்கச் சொல்வதோடு நில்லாமல், 'இறங்கிய பின் எங்கே வைத்திருந்தனர், எத்தனை நாள், என்ன உண்ணத் தந்தனர்?' என்றும் கேட்கச் செய்தல் வேண்டும். அவ்விடைகள் சேரும்போதே நம் வரலாற்றில் விடுபட்ட அந்த மூன்றாவது இடம் எழுதப்பெறும்.